காஸ் காரும் மண்ணெண்ணெய்ப் புத்தியும்

வவுனியாவில் காரை வாங்கிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்த அன்று, எல்லாரையும்போல நானும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தினேன். புதுக் கார். எனக்குத்தான் புதிது, அதற்கு என் மூத்த மகளைவிட வயது கூட. காரின் பின்பக்கத்தைக் கர்ப்பூரம் எரிகிற இடத்துக்குக் கிட்டவாக விட்டுவிட்டு, தேங்காயை உடைத்துக் கும்பிட்டு, கச்சான் வாங்கப் போனேன். என் கார் பெற்றோலோடு எல்.பி.ஜி. காஸிலும் ஓடும்; டிக்கிக்குள் முக்கால் தாங்கி காஸ் இருந்தது. அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நான் வாங்கிய சாமானைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

காஸ் கார் வாங்கியது கணக்குப் பார்த்துத்தான். வெளிநாட்டிலிருந்து வருகிற ஆட்களை ஏற்றி இறக்கக் கட்டுநாயக்கா விமானநிலையத்துக்கு மாதத்தில் நாலைந்து தடவை ஹயர் ஓடுகிறேன். பெற்றோலில் என் காருக்கு லீற்றருக்கு 12 கிலோமீற்றர் கிடைக்கும். காஸில் 9 கிடைத்தால் பெரிய காரியம். லீற்றர் விலை குறைவு என்று சொல்லி விற்பவர்கள், அதே தூரத்துக்குக் கூடுதல் லீற்றர் குடிக்கும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அப்படியும் நீண்ட ஓட்டத்துக்கு எனக்குக் கட்டுப்படியாகிறது. ஊருக்குள் மட்டும் ஓடுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் காருக்குக் காஸ் அடிக்க இடம் இல்லை. தெற்கே போகும்போது நிரப்பிக்கொண்டு வந்தால்தான் உண்டு.

காரைக் கொண்டுவந்து முதலில் காட்டியது குஞ்சியப்புவிடம். பரந்தன் பக்கம் கராஜ் வைத்திருந்தவர். இப்போது கண் மங்கிவிட்டது, ஆனால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பிளக் தவறுகிறது என்று சொல்வார். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் வடக்குக்குப் பெற்றோல் வராத காலம் முழுக்க எங்கள் பக்கத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40ஐயும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகளில் அவருடையதும் ஒன்று. சின்னப் போத்தலில் மருந்துபோல் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேட்டருக்குக் கொஞ்சம் காட்டி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும், ஆனாலும் வண்டி ஓடும். ஆஸ்பத்திரிக்கு ஆட்களைக் கொண்டுபோனது அப்படித்தான்.

பொனட்டைத் திறந்து தடவிப் பார்த்துவிட்டுக் குஞ்சியப்பு சிரித்தார். "உதென்ன மோனை பெரிய வித்தை? நாங்கள் மண்ணெண்ணெயில ஓட்டின ஆக்கள்."

எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. எதையாவது வைத்து எப்படியாவது ஓடவைப்பது எங்கள் ரத்தத்தில் ஊறிய பழக்கம். அதற்குப் பிறகு நான் பட்ட எல்லாச் சிக்கலும் அந்தப் பழக்கத்தைக் காஸிடம் காட்டப் போனதால் வந்ததுதான். மண்ணெண்ணெய் சிந்தினால் நிலத்தில் கிடக்கும், மண்ணைப் போட்டு மூடலாம். காஸ் தாங்கிக்குள் அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. ஒரு லீற்றர் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லீற்றர் வாயுவாக விரியும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றும். அது காற்றைவிடப் பாரம் என்பதால் மேலே போய்க் கலைவதில்லை. தண்ணீர்போலப் பள்ளத்தைத் தேடிப் போய்ப் படுக்கும். எங்கள் வளவுகளில் பள்ளம் என்றால் கிணறு, தண்ணீர்ப் பம் வைத்த குழி, வடிகால். காற்றடிக்காத நாளில் இவற்றுக்குப் பக்கத்தில் காரை விடுவதை நான் நிறுத்திவிட்டேன்.

நிரப்புகிற இடத்தில் நான் முதலில் கற்றது 80 என்ற எண். என் தாங்கி 60 லீற்றர். அதற்குள் 48 லீற்றருக்குமேல் போகாது. உள்ளே மிதவை ஒன்று இருக்கிறது, நூற்றுக்கு 80 ஆனதும் வால்வை மூடிவிடும். வெயிலில் திரவம் விரியும்போது மிச்சமுள்ள இடத்துக்குள் விரிய வேண்டும் என்பதற்காக. சோளகம் வீசுகிற ஆடி மாதத்தில் ஏ9 வீதி கொதிப்பதை நினைத்துப் பார்த்தால் அந்த மிச்ச இடத்தின் அருமை விளங்கும். எனக்கு முதல் தடவை இது தெரியாது. ஊருக்குத் திரும்பி வர வேண்டுமே என்ற பேராசையில், "தம்பி, இன்னும் ஒரு அஞ்சு லீற்றர் ஏத்தப் பாருங்கோ, காரை ஆட்டிப் பார்ப்பமா?" என்று கேட்டேன். அந்தப் பொடியன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினான். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் 50, 52 என்று ஏறிக்கொண்டே போனால் அதுதான் ஆபத்து, மிதவை பழுது என்று அர்த்தம், உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றான். இப்போது ஒவ்வொரு தடவையும் மீற்றரைப் பார்த்தபடிதான் நிற்பேன்.

மற்றதெல்லாம் ஒழுங்கு சார்ந்தவை. எஞ்சினை நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு, எல்லாரையும் இறக்கிவிட வேண்டும். கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், நித்திரைப் பிள்ளையோடு வெயிலில் இறங்க வேண்டுமா என்று என்னோடு முகத்தைத் தூக்கிக்கொண்டது. "அக்கா, பத்து நிமிசம். கோவிச்சாலும் பரவாயில்லை, இறங்குங்கோ" என்றேன். போனை எடுக்கக் கூடாது என்பது தெரிந்ததுதான். கைலேஞ்சியால் வாய்க்குழாயைத் துடைத்துவிட்டுப் பொருத்த வேண்டும் என்பது தெரியாதது. எங்கள் கிறவல் ரோட்டுச் சிவப்புத் தூசி மூடிக்குள்ளும் போய் இருக்கும். ஒரு மணல் துணிக்கை போதும், ரப்பர் வளையத்தைத் தின்றுவிடும். நொசிலைக் கழற்றும்போது 'புஸ்' என்று கொஞ்சம் வெளியேறும், அது வழமை. அந்த நேரத்தில் முகத்தையோ வெறுங்கையையோ கிட்டக் கொண்டுபோகக் கூடாது. திரவமாகத் தோலில் பட்டால் கொப்புளம் வரும். நெருப்புச் சுட்ட புண்போல இருக்கும், ஆனால் சுட்டது குளிர். 'புஸ்' ஒரு கணத்தில் நிற்காமல் தொடர்ந்து இரைந்தால் காரை எடுக்கவே கூடாது.

இனிப் பெரிய கதைக்கு வருகிறேன். வாங்கி நாலு மாதம் இருக்கும். ஒரு பின்னேரம் மனைவி வந்து, "இஞ்சருங்கோ, போர்ட்டிகோவில ஏதோ செத்துக் கிடக்குது, எலியோ தெரியாது" என்றாள். நானும் எலியென்றுதான் தேடினேன். அழுகின கோவா மணம். நின்று பார்த்தால் இல்லை, காருக்குப் பின்னால் குனிந்தால் அடித்தது. அப்போதுதான் உறைத்தது. காஸுக்குச் சொந்தமாக மணம் கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று அந்த நாற்றத்தைச் சேர்த்துத்தான் விற்கிறார்கள். பத்து அடி தள்ளிக் குசினி. உள்ளே விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

2021இன் கடைசி மாதங்களில் நாடு முழுக்க அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்த செய்திகளைப் பார்த்துப் பயந்துதான் மனைவி விறகுக்கு மாறியிருந்தாள். வீட்டுக்குள் காஸ் வேண்டாம் என்று நெருப்பை மூட்டிவிட்டு, வாசலில் 60 லீற்றர் தாங்கியை வைத்திருந்தோம்.

அடுப்புக்குத் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளை ரோட்டுப் பக்கம் அனுப்பினேன். சத்தம் கேட்டுக் குஞ்சியப்பு வந்தார், மடியிலிருந்து லைற்றரை எடுத்தபடியே. "எங்க ஒழுகுது எண்டு நெருப்பைக் காட்டிப் பார்ப்பம்." அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. சின்னதாகப் பற்றினால் அந்த இடத்தை அடைத்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. அவர் கையைப் பிடித்த என் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது. வயதில் மூத்தவரின் கையை அப்படிப் பிடித்தது அதுதான் முதலும் கடைசியும்.

காரை ஸ்ராட் பண்ணவில்லை, ரிமோட்டால் திறக்கவுமில்லை. லைற் சுவிச்சில் கைவைத்தாலே ஒரு பொறி போதும். கதவைச் சாவியால் திறந்து, கியரை எடுத்துவிட்டு, நாலு பேர் சேர்ந்து பக்கத்து வெறும் வளவுக்குத் தள்ளினோம். கிணறு இல்லாத பக்கம், காற்று வீட்டைப் பார்த்து வீசாத பக்கம். டிக்கியைத் திறந்தால் உள்ளே பல்ப் எரியும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நல்லகாலம், அது வாங்கின நாளிலிருந்தே எரியவில்லை. அந்தப் பழுதைத் திருத்தாத என் சோம்பலை அன்று வாழ்த்தினேன். எல்லாக் கதவையும் திறந்துவிட்டு முக்கால் மணித்தியாலம் தள்ளி நின்றோம்.

மணம் போன பிறகு பார்த்தால், பழைய சொந்தக்காரர் டிக்கியில் ஸ்பீக்கர்ப் பெட்டி வைக்க இடம் போதாமல், தாங்கியின் வால்வை மூடியிருந்த காற்றுப்புகாப் பெட்டியைக் கழற்றி எறிந்திருக்கிறார். அந்தப் பெட்டியின் வேலை ஒன்றுதான். வால்வில் எது கசிந்தாலும் அதைக் குழாய் வழியே காருக்குக் கீழே வெளியே விடுவது. அது இல்லாததால் கசிந்ததெல்லாம் டிக்கிக்குள் தேங்கி, பிறகு கீழே வழிந்திருக்கிறது. சவர்க்காரத் தண்ணீரைக் கரைத்துப் பூசினோம். எஞ்சினுக்குப் போகிற செப்புக் குழாய் வால்வில் சேர்கிற சுரையில் குமிழ் விட்டது. எஞ்சின் நிற்கும்போது தானாக மூட வேண்டிய மின்வால்வும் ஊத்தை பிடித்து முழுதாக மூடாமல் நின்றிருந்தது. இரண்டு பழுதும் சேர்ந்தால்தான் இப்படி ஒழுகும். தாங்கியின்மேல் ஒரு கைத்திருகி இருக்கிறது. அதை இறுக்க மூடினேன். குமிழ் நின்றுவிட்டது.

அந்தத் திருகி எங்கே இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. காஸ் கார் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே டிக்கியைத் திறந்து பாருங்கள். வீட்டில் வேறு யாராவது ஓட்டினால் அவருக்கும் காட்டுங்கள். என் டிக்கியில் அந்தத் திருகிக்கு மேலே ஒரு சாமானும் வைப்பதில்லை. ஹயர்காரர் நாலு சூட்கேஸ் கொண்டுவந்தால் இரண்டு மேலே கரியரில் போகும். சுரையை நானே இறுக்கியிருக்கலாம்தான். குஞ்சியப்பு ஸ்பானரோடு நின்றார். செப்புக் குழாயின் விரிந்த வாய் அதிகம் இறுக்கினால் பிளக்கும், பிறகு அழுத்தச் சோதனையும் செய்ய வேண்டும். திருகியை மூடி, பெற்றோலில் ஓடி, காஸ் பொருத்துகிற இடத்துக்கே கொண்டுபோனேன். சுரை, மின்வால்வு, புதுப் பெட்டி என்று ஒரு மாத ஹயர்க் காசு போனது. இப்போது மாதம் ஒருமுறை சவர்க்காரத் தண்ணீரும் பழைய பிரஷுமாகக் குழாய் முழுக்கப் பார்க்கிறேன். அடியில் ஓடுகிற குழாயில் கிறவல் கல் அடித்த நெளிவு இருக்கிறதா, பொனட்டுக்குள் ரப்பர்க் குழாயை எலி கடித்திருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடுவேன். மழைக்காலத்தில் எலி பொனட்டுக்குள்தான் குடியிருக்கிறது.

அடுத்தது பயமில்லாத கதை. ஓமந்தை தாண்டி வரும்போது கார் இழுக்காமல் திக்கித் திக்கி நின்றுவிட்டது. நேரம் மத்தியானம் ஒரு மணி, தார் உருகுகிற வெயில். பொனட்டைத் திறந்தால், திரவத்தை வாயுவாக்குகிற றெடியூசர் வெள்ளைவெளேரென்று உறைபனி பூத்து நிற்கிறது. வன்னியில் ஐஸ்! பின்னால் வந்த ஓட்டோக்காரர் இறங்கி வந்து விரலால் சுரண்டிப் பார்த்தார். "அண்ணை, கொஞ்சம் சர்பத் இருந்தா ஊத்துங்கோ" என்றார்.

திரவம் வாயுவாக மாறும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சும். அந்தச் சூட்டைக் கொடுப்பதற்காக றேடியேட்டரின் சுடுதண்ணீரை ஒரு குழாய் வழியே றெடியூசருக்குள் ஓடவிட்டிருக்கிறார்கள். என் றேடியேட்டர்க் குழாயில் மெல்லிய ஒழுக்கு, தண்ணீர் இறங்கி றெடியூசருக்குப் போகவில்லை. அதாவது காஸ் பழுது என்று தெரிந்தது உண்மையில் தண்ணீர்ப் பழுது. எஞ்சின் ஆறும்வரை வேப்பமர நிழலில் இருந்து, பிறகுதான் மூடியைத் திறந்து நிரப்பினேன். சூட்டோடு திறந்து முகத்தைச் சுட்டவர்களைக் கண்டிருக்கிறேன். காலையில் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூட்டு முள் எழும்பிய பிறகே காஸுக்கு மாற்றச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். என்னுடையது காபரேட்டர் எஞ்சின். சுவிச்சை நடுவில் வைத்து, காபரேட்டரில் நிற்கிற பெற்றோல் தீர்ந்து எஞ்சின் தடுமாறத் தொடங்கும்போது காஸுக்குத் தட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து போனால் மூச்சு முட்டும். இதை மட்டும் குஞ்சியப்பு எனக்கு முதல் நாளே சொல்லித் தந்தார். மண்ணெண்ணெய்க்கும் இதே கை நுணுக்கம்தானாம்.

பெற்றோல் தாங்கியைக் காய விடக் கூடாது. கால் பங்காவது இருக்க வேண்டும், கிழமைக்கு ஒருநாள் பெற்றோலிலும் ஓட வேண்டும். இல்லாவிட்டால் தாங்கி துருப்பிடிக்கும், காபரேட்டர் ரப்பர் காய்ந்துவிடும். எஞ்சின் ஒயில் காஸில் கறுப்பதில்லை, தேன்போலவே நிற்கும். அதன் நிறத்தைப் பார்த்து ஏமாந்து மாற்றாமல் விட்டவர்கள் உண்டு, கிலோமீற்றரைப் பார்த்து மாற்றுங்கள். றெடியூசரின் அடியில் கறுப்பாக ஒட்டும் எண்ணெய்க் கசடு சேரும். எஞ்சின் இளஞ்சூட்டில், திருகி மூடிய பிறகு, வெளியில் வைத்து வடிக்க வேண்டும். வால்வு இடைவெளியையும் பெற்றோல் காரைவிட அடிக்கடி பார்க்க வேண்டும்.

பிளக்கும் பிளக் வயரும்தான் நான் மறந்து மாட்டிய இடம். காஸைப் பற்றவைக்க நல்ல பொறி வேண்டும். வயர் பழசாகி ஒரு சிலிண்டர் தவறினால், எரியாத காஸ் பின்னோக்கி வந்து காற்று வடிகட்டிக்குள் வெடிக்கும். கிளிநொச்சிச் சந்தைக்கு முன்னால் அப்படி ஒருநாள் வெடித்தது. எயார் பில்டர்ப் பெட்டியின் மூடி பிளந்ததைத் தவிரக் காருக்கு வேறு சேதமில்லை. ஆனால் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்ற ஒரு ஆச்சி, பையைப் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்தபடி நிலத்தில் குந்திவிட்டார். கத்தரிக்காய் ரோட்டில் உருண்டது. பொறுக்கிக் கொடுத்துவிட்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, கார்தான்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றே புது வயர் வாங்கினேன்.

2022இல் பெற்றோல் செட்டில் நாள்கணக்காக வரிசை நின்றதும், பிறகு கியூஆர் அட்டை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்ததும் எல்லாருக்கும் தெரியும். கார்க் காஸுக்கும் அப்போது பெரிய பாடு. அந்த நேரத்தில் ஒருவர், வீட்டுச் சிலிண்டரை டிக்கியில் கவிழ்த்து வைத்து நேராகக் குழாய் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னார். 12.5 கிலோ, இருபத்திரண்டு இருபத்துமூன்று லீற்றர் வரும், கட்டுநாயக்காவுக்குப் பாதி வழிக்குமேல் போகலாம் என்று கணக்கும் போட்டுக் காட்டினார். கணக்குச் சரி. வீட்டுச் சிலிண்டர் நிமிர்ந்து நின்று அடுப்புக்கு வாயு கொடுக்கச் செய்தது. கவிழ்த்தால் அதன் பாதுகாப்பு வால்வு திரவத்துக்குள் மூழ்கிவிடும். கசிந்தால் வெளியே விடப் பெட்டி இல்லை, இடித்தால் நகராமல் பிடிக்கப் பட்டி இல்லை, எஞ்சின் நின்றால் தானாக மூடும் மின்வால்வும் இல்லை. சிலிண்டரிலிருந்து கார்த் தாங்கிக்கு ஊற்றினால், எவ்வளவு போனது என்று அளக்கவும் வழியில்லை. காரை மூன்று மாதம் படங்கு போட்டு மூடி வைத்தேன். சைக்கிளில் போனேன்.

பெயின்ற் அடிக்கக் கொடுக்கும்போதும், பின்பக்கம் ஒட்டு (வெல்டிங்) வேலைக்குக் கொடுக்கும்போதும் காஸ் கார் என்று முதலே சொல்லிவிட வேண்டும். பெயின்றைச் சூடேற்றிக் காயவைக்கிற அறைக்குள் தாங்கியோடு கார் போகக் கூடாது. ஒட்டுப் பொறி தாங்கிக்குக் கிட்டவே வரக் கூடாது. கழற்றிவிட்டுத்தான் வேலை.

தாங்கிக்கும் வயது உண்டு. அதன்மேல் ஒட்டிய தகட்டில் செய்த ஆண்டு அடித்திருக்கும். என்னுடையதைப் பார்த்த காஸ் வேலைக்காரர், வெளித் துருவைக் காட்டி, இதை வைத்துச் சோதனை செய்வதைவிட மாற்றுவதே நல்லது என்றார். போன மாதம் மாற்றினேன். பழையதைக் கழற்றி வைத்திருப்பதாகக் குஞ்சியப்புவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"நல்ல தடிச்ச தகடு மோனை. கொண்டு வா, நடுவால வெட்டினா மாட்டுக்குத் தண்ணி வைக்கலாம்."

வெறும் தாங்கி என்று நாங்கள் சொல்கிற தாங்கிக்குள்ளும் காஸும் கசடும் மிச்சம் இருக்கும், வெட்டுப் பொறி பட்டால் அதுதான் குண்டு என்று சொல்லிப் பார்த்தேன். மண்ணெண்ணெய்ப் பரல் எத்தனை வெட்டியிருப்பேன் என்றார். தாங்கியைக் காஸ்காரரிடமே விட்டுவிட்டு வந்தேன். குஞ்சியப்பு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், பாதி வெட்டின பிளாஸ்ரிக் பரல் ஒன்று வேண்டும் என்று ஆள் அனுப்பினார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.